ஊருணி பிறந்த கதை

செட்டிநாட்டுக்குள் வற்றாத ஆறு கிடையாது. பாம்பாறு, தேனாறு, மணிமுத்தாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணல்தான். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை விழுகிற நிலம் இது. அதில் பெரும்பங்கு ஆவணியில் தொடங்கிக் கார்த்திகைக்குள் பெய்து முடிந்துவிடும். பிறகு தை முதல் வைகாசி வரை நீளும் வெயில். மேலே செம்மண், கீழே செம்புறாங்கல். கிணறு வெட்டிய இடத்திலெல்லாம் நல்ல தண்ணீர் கிடைத்துவிடாது.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் மரபைச் சொல்லும் நகரத்தார், இந்த நிலத்தில்தான் ஊர் ஊராகக் குடியமர்ந்தார்கள். 96 ஊர்கள் என்பது மரபுக் கணக்கு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, இராயவரம் என்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. அங்குள்ள வீடுகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூணும், ஆத்தங்குடிக் கல்லும், கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சும் படம் படமாக வந்துவிட்டன. அந்த வீடுகளுக்கு நடுவே, எவருக்கும் தனிச் சொந்தமில்லாமல் கிடக்கிற குடிநீர் நிலையான ஊருணியைப் பற்றி அந்த அளவு பேச்சில்லை. செட்டிநாட்டார் கட்டியவற்றில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், ஊருணி என்றே நான் சொல்வேன்.

கூரையிலிருந்து ஒரு வாய்க்கால்

ஊருணி நகரத்தாரின் கண்டுபிடிப்பு அல்ல. அறிவுள்ளவனிடம் சேர்ந்த செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமை சொல்கிறது திருக்குறளின் 215ஆம் குறள். அது இருப்பது ஒப்புரவறிதல் அதிகாரத்தில். பழைய ராமநாதபுரம் ஜில்லா முழுக்க, பல குடிகளும் ஊருணி வெட்டியிருக்கிறார்கள். நகரத்தார் செய்தது, அந்தப் பழைய அறிவை ஒரு முழு ஊரின் அமைப்போடு பிணைத்தது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு இங்கே, பின்வாசல் அங்கே. இடையில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. வீடுகள் வரிசையாக, தெருக்கள் நேர்கோடாக. ஓட்டுக் கூரை நான்கு பக்கமிருந்தும் வளவு முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள்ளே விழும். அண்டாவும் கிடாரமும் வைத்து முதலில் வீட்டுத் தேவைக்குப் பிடிப்பார்கள். மிச்சம், தரைக்கு அடியில் கல் பாவிய தூம்பு வழியாக வெளியேறிக் கிணற்றுக்கோ தெருக் கால்வாய்க்கோ போகும். தெருக் கால்வாய்கள் நிலத்தின் சரிவைப் பார்த்து வெட்டப்பட்டவை. ஒரு தெருத் தண்ணீர் அடுத்த தெருத் தண்ணீரோடு சேர்ந்து, ஊரின் தாழ்வான பக்கத்தில் இருக்கும் நீர்நிலையில் இறங்கும். ஒரு நீர்நிலை நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்ததற்கு, கடைசியில் கண்மாய்க்கு.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தன் கூரையில் விழுந்த மழை தன்னுடையது மட்டுமல்ல என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டால்தான் இப்படி ஓர் ஊர் அமையும். ஒரே ஒரு வீட்டுக்காரர் தன் வாசல் கால்வாயை மேடாக்கினாலும் மேல்பக்கத்துத் தெரு முழுவதும் நீர் தேங்கும். கீழ்பக்கத்து ஊருணி காயும். ஊரின் வரைபடமே ஓர் ஒப்பந்தமாக இருந்திருக்கிறது. 2003-இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது, செட்டிநாட்டின் பழைய வீடுகளுக்கு அது புதுப்பாடமாக இருக்கவில்லை.

ஊருணியின் உடம்பு

குளிக்கக் குளம், கோயிலுக்குத் தெப்பக்குளம், வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. நீர்நிலைகளுக்குள் இருந்த இந்த வேலைப் பிரிவினையைத் தெரிந்துகொண்டால்தான் ஊருணியின் அமைப்பு புரியும். குடிதண்ணீர் ஊருணி என்பதால் அதன் கரை உயரமாக இருக்கும். பல ஊர்களில் சுற்றுச்சுவரும் உண்டு. நீர் வரும் வழி வரத்துக்கால் ஒன்றுதான். இறங்குவதற்குக் கல் படித்துறை. நிறைந்தால் வழிய மறுகால். சில ஊருணிகளின் நடுவில் ஒரு கிணறு வெட்டியிருப்பார்கள். கோடையில் பரப்பெல்லாம் வற்றினாலும், சுற்றிலும் கசிந்து அந்தக் கிணற்றில் ஊறும் தண்ணீரை ஆச்சிமார் சேந்தி எடுப்பார்கள். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். வண்டல் அடியில் படியும்.

அடுத்தது நீர்ப்பிடிப்பு நிலம். வரத்துக்கால் எந்த வெளியிலிருந்து நீரை வாங்குகிறதோ, அந்த வெளியும் ஊருணியைச் சேர்ந்ததாகவே கருதப்பட்டது. அங்கே யாரும் அசுத்தம் செய்யக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, மேடு எழுப்பக் கூடாது. அந்த வெளியைக் கைவிட்டுவிட்டுக் கரையை மட்டும் எவ்வளவு பலப்படுத்தினாலும் ஊருணிக்குள் நீர் வராது.

முறை வைத்த நாள்

மண்ணைத் தோண்டக் கூலியாள் போதும். தோண்டிய பள்ளத்தை ஊருணியாக்குவது, அதற்கு ஊர் வைக்கிற முறை. இதில் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்ற தடைகள் ஒரு பக்கம். கரையைப் பார்த்துக்கொள்ளக் காவல் ஒரு பக்கம். கோடையில் நீர் வற்றியதும் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்ற கடமை இன்னொரு பக்கம். எடுத்த வண்டல் வயலுக்கு எருவாகப் போகும். உழைப்புக்குக் கைமேல் பலன். குடிமராமத்து என்று தமிழ்நாடு முழுவதும் அறிந்த பழக்கம் இதுதான். இது ஊரின் நீர்வாழ்வுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்த ஆங்கிலேய அரசு, 1858-இல் சட்டமியற்றி அதைக் கட்டாயமாக்கவும் செய்தது. ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே, பழைய முறை தளர ஆரம்பித்ததற்கு அடையாளம்.

நகரத்தாரிடம் இந்த முறைக்கு வலுவான ஓர் அடித்தளம் இருந்தது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பர்மாவின் இரங்கூனில் பெரிய வட்டிக்கடை வைத்திருப்பவரும், அவரிடம் கணக்கெழுதுகிறவரும் புள்ளிக் கணக்கில் சமம். பெரிய செலவு வரும்போது பணக்காரர் கூடுதலாகத் தருவார். ஆனாலும் ஊர்க்காரன் என்ற பாத்தியதை புள்ளி வரியில்தான் இருந்தது. இதோடு, வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துத் தருமக் கணக்கில் வைக்கும் வழக்கம். அந்தக் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாகவும் ஏஜெண்டாகவும் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கில் கடல் கடந்து இருந்தார்கள். ஆண்கள் பாதிப்பேர் ஊரிலேயே இல்லாத காலத்திலும் கோயிலும் ஊருணியும் கெடாமல் இருந்ததற்கு, எழுதி வைத்த கணக்கும், வீட்டை ஆண்ட ஆச்சிமாரும்தான் காரணம்.

1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், பொதுவில் கிடப்பது எதுவும் பாழாகித்தான் தீரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். உலகமே அதை நம்பியது. எலினோர் ஆஸ்ட்ரம் நம்பவில்லை. மலை மேய்ச்சல், பாசனக் கால்வாய், மீன்பிடி என்று பல நாட்டு ஊர்களைப் பார்த்து 1990-இல் அவர் ஒரு நூல் எழுதினார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் பொருத்தம் வேண்டும், விதியை வகுப்பதில் பயன்படுத்துவோருக்குப் பங்கு வேண்டும், காவல் வேண்டும், தப்புச் செய்தவருக்குச் சிறிதாகத் தொடங்கி வளர்கிற தண்டனை வேண்டும். இவை இருந்த இடங்களில் பொது பாழாகவில்லை என்று காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் அடுக்கிய நிபந்தனைகளைப் படிக்கும்போது, செட்டிநாட்டு ஊருணியின் விதிகளை யாரோ வரிசையாகச் சொல்வது போலவே எனக்குத் தோன்றும்.

யாருடைய பொது?

ஊருணி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று எழுதினால் அது பொய். யாரைப் படியில் இறங்கவிடுவது என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. 1931 ஜூனில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் தாழ்த்தப்பட்டோர்மேல் 11 தடைகளை விதித்தார்கள். அவர்களுடைய பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானையில்தான் எடுக்க வேண்டும், தலையில் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணியை வைக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் அந்தப் பட்டியலைப் பதிந்திருக்கிறார். குடத்தின் உலோகத்தையும் சும்மாட்டுத் துணியையும்கூட விட்டுவைக்காத கொடுமை அது.

1938-இல் மதராஸ் சட்டமன்றம் பொதுக் கிணறு, குளங்களில் எவரையும் தடுப்பது குற்றம் என்று சட்டம் செய்தது. அதற்கு முன்னின்றவர் எம்.சி. ராஜா. 1950-இல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே அந்த உரிமையை உறுதி செய்தது. ஊருணி முழுமையாகப் பொதுவானதாகப் பிறந்தது இந்தச் சட்டங்களாலும், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கத் துணிந்தவர்களாலும்தான். பழைய முறையைப் போற்றுகிறவர்கள் இந்த இரண்டாம் பிறப்பையும் சேர்த்தே போற்ற வேண்டும். நாம் இன்று திரும்பக் கொண்டுவர வேண்டியது முறையை. அந்த விலக்கை அல்ல.

கை நழுவியது

1930-களின் பொருளாதார மந்தத்தில், கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் நகரத்தாரிடம் வந்து சேர்ந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. தருமக் கணக்குக்குப் பணம் வந்த ஊற்று அடைபட்டது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் மற்ற நகரங்களுக்கும் போனது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ திறக்கப்படும் வீடுகள் பெருகின.

அதே 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களின் கீழ் இருந்த நீர்நிலைகள் அரசுக் கணக்கில் புறம்போக்காயின. ஊருணிகளின் பொறுப்பு ஊராட்சிகளுக்குப் போனது. பொறுப்பு ஓர் அலுவலகத்துக்குப் போனதும், 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஊர் விலகி நின்றது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது. மேல்நிலைத் தொட்டி வந்தது. 2010 வாக்கில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்தது. தெருமுனையில் குழாய் வந்தது பெண்களின் தலைச்சுமையை இறக்கிய பெரிய நன்மை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஊருணியைக் குடிக்காத ஊர் ஊருணியைப் பார்ப்பதையும் நிறுத்தியது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் அதன் மட்டம் ஏற, தெருக் கால்வாய் சரிவை இழந்தது. மழைநீர் வந்த வழியில் சாக்கடை வந்தது.

தொழிற்சாலையில் வார்த்த வீடுகள்

இதே கதை வேறு உடையில் உலகின் இன்னொரு மூலையிலும் நடந்தது. 1950-களின் நடுவிலிருந்து சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும் சுவரையும் கூரையையும் தொழிற்சாலையில் கான்கிரீட் பலகையாக வார்த்து, கிரேன் வைத்து அடுக்கி, கோடிக்கணக்கானவர்களுக்கு வீடு கொடுத்தன. கிழக்கு பெர்லினில் 1977-இல் கட்டத் தொடங்கிய மார்ட்சான் அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. கட்டடங்களுக்கு நடுவே விசாலமான வெளி இருந்தது. அதைப் பராமரிப்பது அரசின் வேலை. 1990-க்குப் பிறகு பல நாடுகளில் குடியிருந்தவர்களுக்கே வீடுகள் சொந்தமாகக் கொடுக்கப்பட்டன. கதவுக்கு உள்ளே புதுத் தரை, புதுச் சன்னல். கதவுக்கு வெளியே மாடிப்படியும் முற்றமும் ஆளற்றுப் போயின. அரசு விலகிய இடத்தில் ஊர் என்று ஒன்று இருக்கவில்லை.

அந்த முற்றங்களைச் சீர்படுத்தியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்ததும் முறைக்குத்தான். ஜெர்மனி 1999-இல் தொடங்கிய 'சமூக நகரம்' திட்டத்தின் கீழ், பெர்லின் போன்ற நகரங்களில் பேட்டைதோறும் ஓர் அலுவலகம் வைத்து, எதற்குச் செலவிடுவது என்பதில் குடியிருப்பவர்களுக்கே குரல் கொடுத்தார்கள்.

நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். 1859-இல் டேங் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுப்பிய நகரத்தார், மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்னும் வணிகக் கூடங்களில் ஆளுக்கொரு பெட்டகமும் மேசையும் வைத்துக்கொண்டு மற்ற இடமெல்லாம் பொதுவாக வாழ்ந்தவர்கள். அந்தத் தீவில் 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளைக் கட்டியபோது, தரைத்தளத்தை வீடில்லாமல் திறந்துவிடும் வழக்கம் பரவியது. மலாய்க் கல்யாணமும் சீனர் இறுதிச் சடங்கும் தமிழர் விசேஷமும் அங்கே நடக்கின்றன. 1988-இல் நகர மன்றச் சட்டம் இயற்றி, பொது இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தொகுதிவாரியாக நகர மன்றங்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் தருகிறது. பெயர் வேறு, வேலை புள்ளி வரியின் வேலை.

மறுபடி பிறப்பது எப்படி

நம் ஊரிலும் ஊருணியை மீட்டவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் 1997-இல் உருவான தானம் அறக்கட்டளை, ராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் பல ஊருணிகளை ஊர்மக்களோடு சேர்ந்து சீரமைத்திருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் வழியைக் கவனிக்க வேண்டும். முதலில் ஊருணிச் சங்கம், ஊரின் பங்குத் தொகை, அதன்பின்தான் மண்வேலை. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அந்த வேலையில் தூர் வாரியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2014-இல் செட்டிநாட்டின் வணிகர் ஊர்த்தொகுப்புகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்திய அரசு சேர்த்தபோது, மாளிகைகளோடு இந்த நீர் அமைப்பும் மரபுச் செல்வமாகப் பேசப்பட்டது.

சட்டத்தின் துணையும் கொஞ்சம் உண்டு. 2007-இல் தமிழ்நாடு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் ஏரிகளை மனத்தில் வைத்து எழுதியது. ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் சொன்ன தீர்ப்பு, ஊருணிக்காகப் போராடுகிறவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஆவணம்.

இன்று ஊருணியைச் சீரமைப்பது என்றாலே கரையில் கல் பதித்து, விளக்குப் போட்டு, நடைபாதை அமைப்பது என்றாகிவிட்டது. நடப்பதற்கு இடம் வேண்டும்தான். ஆனால் செலவின் முதல் ரூபாய் வரத்துக்காலுக்குப் போக வேண்டும். இரண்டாவது ரூபாய், சாக்கடையை வேறு வழியில் திருப்புவதற்கு. மூன்றாவது, ஆண்டுதோறும் தூர் எடுக்க ஒதுக்கும் நிதிக்கு. கல்லும் விளக்கும் அதற்கு அடுத்த பந்தி.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானது. ஊரைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் எழுகின்றன. விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ஒவ்வொன்றும், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதாவது, புது நகர் ஒவ்வொன்றிலும் ஊர்ப்பொது நிலம் ஒன்று காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அதன் எல்லைக்கல்லைக்கூட அங்கே குடியிருப்பவர்கள் பார்த்ததில்லை.

அங்கே குடியிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கி அந்த நிலத்தை அடையாளம் காணுங்கள். வீட்டுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து, வாடகைக்கு இருப்பவரையும் அதில் சேருங்கள். எந்தச் சாதிக்கும் வாசல் அடைக்காதீர்கள். கூரைத் தண்ணீர் அங்கே போய்ச் சேர வழி செய்யுங்கள். எது கூடாது என்பதை எழுதிப் பலகையில் வையுங்கள். சித்திரையில் ஒரு நாளைத் தூர் எடுக்கும் நாளாக நிச்சயம் செய்யுங்கள். நம் முன்னோர் செம்புறாங்கல் பூமியில் தண்ணீரைத் தேக்கியது, இவற்றில் சாதி பற்றியதைத் தவிர மற்ற ஐந்தையும் விடாமல் செய்துதான். அதையும் சேர்த்து ஆறும் இன்றைக்கு நம்மால் முடிகிற காரியங்களே.